ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே!

போன மாதம் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் எல்லா முடிவும் அவருடைய பாட்டியுடையதுதான். மண்டபம், தேதி, சமையல்காரர், புடவை நிறம் என்று எதைக் கேட்டாலும் அங்கிருந்த ஆண்கள், "அம்மாவைக் கேட்டுக்கங்க" என்று சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். திரும்பி வரும்போது வேனில் எங்கள் சித்தப்பா ஆரம்பித்தார்.

"அங்க முழுக்க அல்லி ராஜ்ஜியம்தான் போல!"

வேனே சிரித்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அத்தைக்கு வயது 78. சித்தப்பாவுக்கு மூத்தவர்.

"அல்லி கதை உனக்கு முழுசா தெரியுமாடா?" என்று கேட்டார்.

சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் பாதிதான் தெரியும். மீதியை அத்தை சொன்னார். மதுரையை ஆண்ட ராணி அல்லி. ஆண் என்றாலே ஆகாது. காவலுக்குக்கூடப் பெண்கள்தான். "கடைசியில என்ன ஆச்சு? அர்ஜுனன் பாம்பா மாறி உள்ளே பூந்து, அவ தூங்கறப்போ தாலியைக் கட்டிட்டான். முழிச்சிருந்தவளை ஜெயிக்க முடியலை. தூங்கறவ கழுத்துல கட்டிட்டு, அதைப் பெரிய வீரம்னு பாட்டா பாடி வச்சிருக்காங்க."

அதன்பிறகு வேனில் யாரும் பேசவில்லை. சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு இன்னொரு பெண்கள் ராஜ்ஜியம் ஞாபகம் வந்தது. அங்கே எந்த அர்ஜுனனும் வந்து தாலி கட்டுவதில்லை. அந்த ராஜ்ஜியத்தைக் கற்பனை செய்தவர் வங்காளத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண். ஆனால் அந்தக் கதை முதன்முதலில் அச்சானது எங்கே தெரியுமா? நம் மெட்ராஸில்! கமலா சத்தியநாதன் இங்கிருந்து நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில், 1905-ல் வந்தது. கதையின் பெயர் 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் ரோக்கியா சகாவத் ஹுசைன்.

கதைக்குள் போவதற்கு முன் இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை வெறும் தமாஷாகப் போய்விடும்.

ரோக்கியா 1880-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ரங்க்பூர் பக்கம் பைராபந்த் என்ற ஊரில், ஜமீன்தார் வீட்டில் பிறந்தவர். வசதிக்குக் குறைவில்லை, வெளிச்சத்துக்குத்தான் குறைவு. 5 வயதிலிருந்தே பர்தா. ஆண்களிடமிருந்து மட்டும் இல்லை, வீட்டுக்கு வரும் வெளிப்பெண்களின் கண்ணிலும் படக் கூடாது. யாராவது வந்தால் அந்தச் சின்னக் குழந்தை ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் பக்கமே அனுப்பவில்லை. வீட்டார் எல்லோரும் தூங்கிய பிறகு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் இப்ராஹிம் ரகசியமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

பதின்வயதில் கல்யாணம். கணவர் சகாவத் ஹுசைன், பீகாரில் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்ட்ரேட். மனைவியை இழந்தவர், ரோக்கியாவைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனால் மனைவி படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர். அவர் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது, பொழுதுபோகாமல் ரோக்கியா ஆங்கிலத்தில் ஒரு கதையை எழுதிவைத்தார். திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

அப்படி என்ன எழுதியிருந்தார்?

சுல்தானா என்ற பெண், ஒரு ராத்திரி நாற்காலியில் சாய்ந்தபடி நம் நாட்டுப் பெண்களின் நிலைமையை நினைத்துக்கொண்டிருக்கிறாள். தூங்கினாளா, விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியாது. தோழி சாரா போலவே ஒருத்தி வந்து, வெளியே போகலாம் வா என்று கூப்பிடுகிறாள். ராத்திரிதானே, ஆண்கள் எல்லோரும் தூங்கியிருப்பார்கள் என்ற தைரியத்தில் சுல்தானா கிளம்புகிறாள். வெளியே போய்ப் பார்த்தால் பட்டப்பகல்! தெருவெல்லாம் கூட்டம். கூச்சத்தில் அவளுக்குக் கால் பின்னுகிறது. அதைப் பார்த்து எதிரே வரும் பெண்கள் சிரிக்கிறார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று சாராவிடம் கேட்கிறாள். ரொம்ப ஆம்பளைத்தனமாக இருக்கிறாள் என்கிறார்களாம். அதாவது, ஆண்களைப் போலவே பயந்து, கூச்சப்பட்டு நடக்கிறாளாம்.

எனக்குக் கதை பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். கூச்சமும் பயமும் பெண்ணின் பிறவிக்குணம் என்று நாம் எத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! கதை தொடங்கிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, அதை அப்படியே தூக்கி ஆண்கள் தலையில் வைத்துவிட்டார் ரோக்கியா.

அந்த ஊர்த் தெருவில் ஓர் ஆண்கூட இல்லை. எல்லோரும் வீட்டுக்குள் அவர்களுக்கான பகுதியில் இருக்கிறார்கள். சமையலும் குழந்தைகளும் அவர்கள் பொறுப்பு. ஆட்சி, ஆராய்ச்சி, வியாபாரம் எல்லாம் பெண்கள். ஆணை அடைத்துவைப்பதா என்று சுல்தானா அதிர்ச்சியாகிறாள். சாரா திருப்பிக் கேட்கிறாள்: உங்கள் ஊரில் ஒரு பைத்தியக்காரர் தப்பித்து வந்து தொந்தரவு செய்தால் யாரை அடைப்பீர்கள்? அவரையா, ஊர்க்காரர்களையா? வம்பு செய்யக்கூடியவர்களை வெளியே விட்டுவிட்டு, ஒரு வம்புக்கும் போகாத பெண்களை உள்ளே பூட்டுவது என்ன நியாயம்?

ஆணுக்கு உடல் பலம் அதிகமாயிற்றே என்றால், சிங்கத்துக்கு அதைவிட அதிகம், அதற்காக அதுவா மனிதர்களை ஆளுகிறது என்கிறாள். ஆணின் மூளை பெரிது என்றால், யானையின் மூளை அதைவிடப் பெரிது, அதைத்தானே மனிதன் சங்கிலி போட்டுக் கட்டுகிறான் என்கிறாள். ஆபீஸ் வேலையையும் முடித்துவிட்டுத் துணியில் பூவேலை செய்ய எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். ஓர் ஆண் ஒரு நாளைக்கு 12 சுருட்டு பிடிக்கிறான், ஒவ்வொன்றும் எரிய அரை மணி நேரம், ஆக 6 மணி நேரம் அதிலேயே போகிறது. நாங்கள் 2 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறோம்! (இன்றைக்குச் சுருட்டின் இடத்தில் எது இருக்கிறது என்று, இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இதில் பெண்களும் உண்டு.)

அந்த நாட்டுச் சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. சூரிய வெப்பத்தைச் சேர்த்துவைத்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். வயலை மின்சாரம் உழுகிறது. ஆகாய வண்டியில் பறந்து போகிறார்கள். எழுதியது 1905-ல் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் எப்படி வந்தது? 13 வயதில் பட்டத்துக்கு வந்த ராணி போட்ட உத்தரவுகளால் வந்தது. எல்லாப் பெண்களும் படிக்க வேண்டும், 21 வயதுக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கூடாது. பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள் வந்தன. ஒன்று மேகத்திலிருந்து நீர் எடுக்கக் கண்டுபிடித்தது, இன்னொன்று சூரிய வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கண்டுபிடித்தது. அப்போது ஆண்கள் எல்லோரும் ராணுவத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். பெண்களின் ஆராய்ச்சியைக் கேலி செய்தார்கள்.

அப்புறம் ஒரு போர் வந்தது. பக்கத்து நாட்டிலிருந்து தப்பி வந்து அடைக்கலம் கேட்டவர்களைத் திருப்பி அனுப்ப ராணி மறுத்ததால் வந்த போர். ஆண்கள் வீரமாகத்தான் போராடினார்கள். ஆனாலும் தோற்றுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் 16 வயதுப் பையன்கள்வரை களத்துக்குப் போயாயிற்று. எதிரி தலைநகருக்கு 25 மைல் தூரத்தில் வந்துவிட்டான். அப்போது இரண்டாவது பல்கலைக்கழகத்தின் தலைவி, தான் ஒரு முயற்சி செய்வதாகச் சொல்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள் பர்தாப் பெண்கள், ஆண்கள் இருக்கும் தெருவில் நடக்க மாட்டோம். ஆகவே நாங்கள் வெளியே வருவதற்கு முன்னால் ஆண்கள் எல்லோரும் அந்தப்புரத்துக்குள் போய்விட வேண்டும். எங்கள் மானத்துக்காக!

களைத்தும் காயம்பட்டும் கிடந்த ஆண்கள் மறுபேச்சு இல்லாமல் உள்ளே போனார்கள். தலைவி 2,000 மாணவிகளோடு போர்க்களம் போய், சேர்த்துவைத்த சூரிய வெப்பத்தை எதிரிப் படை மேல் திருப்பினார். எதிரி துப்பாக்கி, பீரங்கியையெல்லாம் போட்டுவிட்டு ஓடினான். போர் முடிந்தது.

ஆண்கள்? அவர்களை யாரும் வெளியே கூப்பிடவே இல்லை. போலீஸ் கமிஷனர்களும் மாஜிஸ்ட்ரேட்டுகளும் மனு போட்டுப் பார்த்தார்கள். தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்று ராணியிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. அவ்வளவுதான். இப்போது அவர்கள் முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டார்கள், பழகிவிட்டது என்கிறாள் சாரா.

முதல்முறை படித்தபோது எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. ஒரு பூட்டை எடுத்து இன்னொரு கதவில் மாட்டுவது எப்படி நியாயமாகும்? என் மகனும் அதைத்தான் கேட்டான். "அந்த ஊர்ல நான் பொறந்திருந்தா என்னம்மா தப்பு செஞ்சேன்னு அடைப்பாங்க?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை ஓர் ஆணின் வாயிலிருந்து வரவழைப்பதற்காகத்தான் ரோக்கியா அதை எழுதினார் என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய ஊரில் பிறந்த பெண் குழந்தை என்ன தப்பு செய்தது? அந்தக் கேள்வியை நேராகக் கேட்டிருந்தால் வழக்கம், மரபு, மானம் என்று பதில் வந்திருக்கும். அதே மானத்தைக் காரணம் காட்டி ஆண்களை உள்ளே அனுப்பிக் காட்டினார். ஏதோ ஓர் அவசரத்தில் ஒருநாள் செய்த ஏற்பாடு, யாரும் கலைக்காததால் சட்டமாகி, பிறகு 'அவர்களுக்கு இதுதான் இயல்பு' என்றும் ஆகிவிடுகிறது. 'பழகிவிட்டது' என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, கதையில் எனக்கு ரொம்ப வலித்தது அதுதான். நம் வீடுகளில் அதைச் சொல்லாத பெண் உண்டா? எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டபிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது பழகிவிட்டது. தனியாகப் போகாமல் இருப்பது பழகிவிட்டது.

கதையின் கடைசியில், ஆகாய வண்டியிலிருந்து வழுக்கி விழுந்ததில் சுல்தானாவின் கனவு கலைகிறது. பழைய நாற்காலி, பழைய அறை.

ரோக்கியாவும் அப்படித்தான் விழுந்தார். பெற்ற இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தையாகவே போய்விட்டன. 1909-ல் கணவரும் போய்விட்டார். பெண்கள் பள்ளிக்காக அவர் ஒதுக்கிவைத்திருந்த பணத்தில், அதே வருடம் பாகல்பூரில் 5 மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். குடும்பத்தில் சொத்துத் தகராறு. ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. 1911-ல் கல்கத்தாவில், 8 மாணவிகளோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு பெண், பள்ளிக்கூடம் நடத்துகிறார்! வீடுவீடாகப் போய், பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்டார். பர்தாவுக்கு ஒரு குறையும் வராது என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்குக்காகத் தானும் பர்தாவைக் கைவிடாமல் இருந்தார்.

1931-ல், சிறைப்பட்ட பெண்களைப் பற்றி 'அவரோத்பாசினி' என்று வங்காளத்தில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 47 சம்பவங்கள். சில சிரிக்கவைக்கும், சிலவற்றைப் படித்தால் ராத்திரி தூக்கம் வராது. கணவர் வழி உறவில் ஓர் அத்தை, ரயில் மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிடுகிறார். கூட இருப்பது ஒரு வேலைக்காரப் பெண் மட்டும். தூக்கிவிடப் போர்ட்டர்கள் ஓடிவருகிறார்கள். ஆண்கள் தொடக் கூடாது என்று வேலைக்காரப் பெண் தடுத்துவிடுகிறாள். அவளால் தனியாகத் தூக்கவும் முடியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு ரயில் கிளம்பிவிட்டது.

'மானம்' என்ற சொல்லைக் கதையில் அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது இதைப் படித்தால் புரியும்.

அதே புத்தகத்தில் அவருடைய பள்ளி பஸ்ஸும் வருகிறது. பிள்ளைகளை அழைத்துவர ஒரு மோட்டார் பஸ் செய்யச் சொன்னார்கள். பர்தா கெடக் கூடாதே என்று கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் அடைத்தாயிற்று. உள்ளே இருட்டு, காற்றே இல்லை. முதல்நாளே பிள்ளைகள் பயந்து அழுதார்கள். மயக்கம், வாந்தி. பெற்றோரிடமிருந்து புகார் வந்தது. சரி என்று கதவுகளைத் திறந்து திரைச்சீலை மாட்டினார்கள். உடனே மொட்டைக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. காற்றில் திரை விலகுகிறது, பிள்ளைகள் வெளியே தெரிகிறார்கள், சரிசெய்யாவிட்டால் பத்திரிகையில் எழுதி எந்தப் பெண்ணும் உங்கள் பள்ளிக்கு வராமல் செய்துவிடுவோம்!

யோசித்துப் பாருங்கள். கற்பனையில் 2,000 மாணவிகளை வைத்துக்கொண்டு ஒரு படையையே விரட்டியவர். கல்கத்தாவில் ஒரு ஜன்னல் திரையை விரட்ட முடியவில்லை. எதிரியாவது வெப்பம் பட்டதும் ஓடினான், பழக்கம் அப்படி ஓடுவதில்லை.

ஆனாலும் அவர் பஸ்ஸை நிறுத்தவில்லை. திரை போடச் சொன்னால் திரை போட்டு ஓட்டினார். இதைச் சமரசம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரை இருந்தால் பிள்ளைகள் வருவார்கள், இல்லாவிட்டால் வர மாட்டார்கள் என்றால், வகுப்பு நடத்த வேண்டிய ஆள் வேறென்ன செய்வார்? அந்தப் பள்ளி இன்றைக்கும் கொல்கத்தாவில், அரசுப் பெண்கள் பள்ளியாக, அவர் கணவர் சகாவத்தின் பெயரிலேயே நடக்கிறது.

ஆகாய வண்டிக் கதை மட்டும் பலித்தது. 1930-ல் ரோக்கியா நிஜமாகவே விமானத்தில் ஏறினார். 50 மைல் பறந்துவிட்டு வந்து, அதைக் கட்டுரையாக எழுதினார். தான் கால் நூற்றாண்டுக்கு முன் எழுதிய கனவை அதில் ஞாபகப்படுத்திக்கொண்டார். 1932 டிசம்பர் 9 அன்று இறந்தார். வங்கதேசத்தில் வருடாவருடம் அந்த நாளை ரோக்கியா தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2023-ல் ஸ்பெயினைச் சேர்ந்த இசபெல் எர்கேரா அந்தக் கதையைத் தொட்டு ஓர் அனிமேஷன் படம் எடுத்தார். 2024-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் 'சுல்தானாவின் கனவு' இடம்பிடித்தது. பெண்கள் மட்டுமே வாழும் நாடு என்றதும் அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'ஹெர்லேண்ட்' நாவலைத்தான் பலர் சொல்வார்கள். அது வந்தது 1915-ல். மெட்ராஸில் நம் கதை அச்சாகி 10 வருடம் கழித்து!

ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். ஒரு சுருட்டு நேரம்.

அன்றைக்கு ராத்திரி, வீட்டுக்கு வந்து படுத்தபிறகு, அத்தைக்கு முழுக் கதையையும் சொன்னேன். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. போர் வந்தபோது எழுந்து உட்கார்ந்துகொண்டார். ஆண்கள் உள்ளே போனதும், "ம்" என்றார். கனவு கலைந்ததும் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த அடுப்புல நிஜமாவே புகை வராதாமா?" என்று கேட்டார்.

வராதாம் அத்தை என்றேன்.

"எங்க மாமியார் வீட்ல பதினாலு பேருக்கு ஈர வெறகுல ஊதி ஊதி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பிப் படுத்தபடி கேட்டார்:

"ஏண்டி, அந்த ஆம்பளைங்க சமைச்சது வாய்க்கு நல்லா இருந்துச்சாமா?"